கூட்டங்களைக் குறையுங்கள், கோயிலைத் திறவுங்கள்: யாழ்ப்பாணத்துத் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்துத் திருச்சபைகளின் ஆயர்களுக்கும், பங்குத் தந்தையருக்கும், போதகர்மாருக்கும், சபைக் குழுக்களில் இருக்கிற எல்லாருக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் வணக்கம்.

ஞாயிறு ஆராதனையில் ஒரு வழமை உண்டு. பிரசங்கம் முடிகிற தறுவாயில், "நாளுக்கு அரை மணித்தியாலமாவது ஆண்டவரோடு தனித்திருங்கள்" என்று சொல்வீர்கள். நாங்கள் தலையாட்டுவோம். ஒரு பாட்டுப் பாடுவோம். பிறகு செயலாளர் எழும்பி அறிவித்தல் வாசிப்பார். செவ்வாய் பின்னேரம் பெண்கள் ஐக்கியம். புதன் வீட்டு ஜெபக்கூட்டம். வியாழன் பாடகர் குழுப் பயிற்சி. வெள்ளி உபவாச ஜெபம். சனி காலை சிரமதானம், பின்னேரம் வாலிபர் கூட்டம். இன்றைக்கு ஆராதனை முடிந்த கையோடு ஒரு விசேட கூட்டம், தயவுசெய்து ஒருவரும் எழும்பிப் போய்விட வேண்டாம். பிரசங்கத்தில் தந்த அரை மணித்தியாலம் அறிவித்தலிலேயே போய்விடும்.

கத்தோலிக்கப் பங்குகளில் பெயர்கள்தான் வேறு. நவநாள், அன்பியக் கூட்டம், பக்தி சபைகள், திருவிழாக் காலம் வந்தால் கொடியேற்றத்திலிருந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வட்டாரத்தின் பொறுப்பு. சுயாதீன சபைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே முழு இரவு ஜெபம் வேறு.

நான் பிறந்தது தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில். கலியாணம் செய்து போனது கத்தோலிக்கக் குடும்பத்துக்கு. ஆகவே இரண்டு பக்க அறிவித்தல்களும் எனக்குப் பாடம். சபைக் குழுவிலும் இருந்திருக்கிறேன், பெண்கள் ஐக்கியத்தின் கணக்குப் புத்தகம் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. வெளியில் நின்று கல்லெறிகிறவள் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாளாந்தம் ஆண்டவரோடு உறவாக இருங்கள் என்று எங்களிடம் கேட்கிறீர்கள். அதற்கான நேரத்தை எங்களிடம் விட்டுவைக்கவும் இல்லை, அதை எப்படிச் செய்வதென்று பழக்கவும் இல்லை. பிறகு, சனங்களுக்கு ஜெப வாழ்க்கை இல்லை என்று குறைப்படுகிறீர்கள்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். பிள்ளைகள் படிக்கிற ஒரு வீட்டில் விடியப்புறம் நாலரைக்கே அடுப்பு மூட்ட வேண்டும். இடியப்பம் அவித்து, சம்பல் அரைத்து, மதியச் சாப்பாட்டையும் பெட்டிகளில் கட்டிவைக்க வேண்டும். ஓ.எல். படிக்கிற பிள்ளைக்கு ஆறு மணிக்கே முதல் ரியூசன். ஏழரைக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அரசாங்க உத்தியோகம் என்றால் எட்டரைக்குக் கையெழுத்து வைக்க வேண்டும், நாலேகாலுக்குத்தான் விடுவார்கள். பின்னேரம் ஒரு பிள்ளையைக் கணித வகுப்பில் இறக்கி, மற்றதை ஆங்கில வகுப்பிலிருந்து ஏற்றி, இடையில் சந்தைக்குப் போய், வீடு வந்து புட்டு அவித்து, மாமாவுக்கு மருந்து கொடுத்து நிமிரும்போது அடுத்த அறையில் ஒன்பது மணி நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் கனடாவிலிருந்து போன் வரும். எடுக்காவிட்டால் கோபம்.

உத்தியோகம் பார்க்கிறவர்களின் நாள் இது. பாசையூரிலும் குருநகரிலும் இரவு கடலுக்குப் போய் விடியக் கரை சேர்கிறவர்கள், அதிகாலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது வலையில் சிக்கிய மீனைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். வலிகாமத்தில் வெங்காயம் வைத்தவர்களுக்கு வெயில் ஏறமுதல் தண்ணீர் விட்டாக வேண்டும். போதனா வைத்தியசாலையில் இரவுக் கடமை முடித்து வருகிற தாதிக்கு, உங்களுடைய விடியற்காலைதான் படுக்கைக்குப் போகிற நேரம்.

ஆனால் மேடையில் நாங்கள் கேட்பது என்ன? அதிகாலை நாலு மணிக்கு முழங்காலில் நின்ற பரிசுத்தவான்களின் கதை. மிசனரிமார் குதிரையில் போகும்போதும் ஜெபித்தார்கள் என்ற கதை. கேட்கிற தாய் என்ன நினைப்பாள் தெரியுமா? நாலு மணிக்கு எழும்பத்தானே செய்கிறேன், ஆனால் அடுப்படிக்கு, என்று நினைப்பாள். தன்னால் முடியாத ஒன்று என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டு, புதன்கிழமைக் கூட்டத்துக்காவது போவோம் என்று போவாள். இப்படித்தான் கூட்டம் ஜெபத்தின் இடத்தைப் பிடித்தது. "அந்திசந்தி மத்தியான வேளைகளிலும் நான் தியானம்பண்ணி முறையிடுவேன்" என்கிறது 55ஆம் சங்கீதம். அந்தி முதலில் வருகிறது. நாலு மணி என்று அங்கே எழுதியில்லை.

இனி, யாழ்ப்பாணத்தவர்களாகிய நாங்கள் மறந்து போகக்கூடாத ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டார்கள். பூசை தடைசெய்யப்பட்டது. போர்த்துக்கேயர் ஊர் ஊராகக் கட்டிவைத்த கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் (புரட்டஸ்தாந்து) சபையின் கைக்குப் போயின. ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம், ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு தோம்பு. ஞானஸ்நானம், கலியாணம், பிள்ளைகளின் வரவு எல்லாம் அதில் பதியப்பட்டன. பிள்ளையை அனுப்பாத தாய் தகப்பனுக்குத் தண்டம். உத்தியோகம் வேண்டுமா, ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும். சொத்துரிமைக்கும் தோம்பில் பெயர் தேவைப்பட்டது. அந்தத் தொடக்க வருடங்களில் இங்கே போதகராக இருந்த பால்டேயஸ் பாதிரியார், கோயில் கோயிலாகப் பிள்ளைகளின் தொகையை எழுதி வைத்திருக்கிறார். அவருடைய நூல் 1672இல் ஒல்லாந்தில் அச்சாகியது. வாசித்தால் இன்றைய எங்கள் வருடாந்த அறிக்கைகளின் பாட்டனார் என்றே சொல்லலாம்.

அதே காலத்தில் இதே குடாநாட்டில் சில்லாலை போன்ற ஊர்களில் வேறொன்று நடந்தது. அங்கே குரு இல்லை, பூசை இல்லை, கோயில் இருந்தும் அவர்களுக்கு இல்லை. பிள்ளைகளுக்கு வீட்டில் ஜெபம் சொல்லிக் கொடுத்தார்கள். செபமாலையை ஒளித்து வைத்துச் சொன்னார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். யார் கத்தோலிக்கர் என்று அவருக்குத் தெரியாது, வெளிப்படையாகக் கேட்கவும் முடியாது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டு தன் சனத்தை அடையாளம் கண்டார். கிட்டத்தட்ட முப்பது வருடங்கள் ஒரு குருவும் ஊன்றி நில்லாத மண்ணில், அந்த மாலையைப் பார்த்து இன்னதென்று விளங்கிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாங்கள் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவரைக் கொண்டாடினோம். அவர் வருமட்டும் விசுவாசத்தைக் காத்து வைத்திருந்த அந்த அடுக்களைகளைக் கொண்டாட எங்களுக்கு ஞாபகம் வரவில்லை.

தோம்புகளுக்கு என்ன நடந்தது? 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கட்டாயம் போயிற்று. உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் தேவையில்லை என்றானதும், பதிவில் இருந்த பெரும்பாலானவர்கள் தங்கள் பழைய வழிபாட்டுக்கே திரும்பிப் போனார்கள். 1816இல் அமெரிக்க மிசனரிமார் இங்கே வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் வேலை தொடங்கியபோது, அவர்கள் கண்டது பாழடைந்து கிடந்த பழைய கோயில்களைத்தான். ஒன்றரை நூற்றாண்டுக்குக் கிட்ட வரவு எடுத்த ஒரு திருச்சபை, வரவுப் புத்தகம் மூடப்பட்டதோடு ஏறக்குறைய இல்லாமல் போனது.

நான் சீர்திருத்த வழியில் வந்தவள். இதைச் சொல்வது எனக்குச் சுகமான காரியம் இல்லை. ஒல்லாந்தர் காலச் சபையிலும் உண்மையாக விசுவாசித்தவர்கள் இருந்திருப்பார்கள். கத்தோலிக்கர் நிலைத்து நின்றதற்கும் உறவுமுறை, ஊர்க்கட்டு என்று பல காரணம் உண்டு. இருந்தாலும் ஒரு கேள்வி என்னை விடுவதாயில்லை. நாளைக்கு ஏதோ ஒரு காரணத்தால் எங்கள் கோயில்கள் ஒரு பத்து வருடம் பூட்டப்பட்டால், எங்களில் எத்தனை வீடுகளில் ஜெபம் மிஞ்சும்? கொரோனாக் காலத்தில் சில மாதம் பூட்டிக் கிடந்ததையே பார்த்தோம். முதல் ஞாயிறு தொலைக்காட்சிக்கு முன் குடும்பமாக இருந்தோம். பிறகு ஆராதனை பேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் உள்ளி உரித்துக்கொண்டிருந்தோம்.

யுத்த காலத்தில் இப்படி இருக்கவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1990இல் மின்சாரம் நின்ற பிறகு வீட்டுக்கு ஒரு விளக்கு, அதைச் சுற்றித்தான் படிப்பு, சாப்பாடு, ஜெபம் எல்லாம். பங்கருக்குள் இருந்து சொன்ன சங்கீதங்கள் பலருக்கு இன்றைக்கும் மனப்பாடம். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று புத்தியுள்ள ஒருவரும் கேட்க மாட்டார்கள், நவாலிக் கோயிலில் அடைக்கலம் தேடியவர்கள் மேல் 1995 யூலையில் விமானக் குண்டு விழுந்தது தெரிந்த ஒருவரும் அதை அழகான காலம் என்று சொல்லவும் மாட்டார்கள். ஆனால் அந்தச் சனம் யாரும் அறிவித்தல் வாசித்து ஜெபிக்கவில்லை.

அடுத்தது, பழக்குவது. திருவிருந்தில் சேர்வதற்கான திடப்படுத்தலுக்கு முன் எனக்கு மாதக்கணக்கில் வகுப்பு நடந்தது. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், வினாவிடை எல்லாம் ஒப்புவித்தேன். திருவிருந்துக்கு எப்படி நடந்து போவது, கையை எப்படி ஏந்துவது என்று ஒத்திகையும் பார்த்தோம். தனியாக ஒரு பதினைந்து நிமிடம் கடவுளுக்கு முன் இருப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. என் பிள்ளைகளுக்கும் சொல்லித் தரவில்லை. "ஜெபியுங்கள், வேதம் வாசியுங்கள்" என்று கேட்டிருக்கிறோம். நீந்தத் தெரியாதவனிடம் நீந்து, நீந்து என்று கரையில் நின்று கத்துவதுபோலத்தான் அது.

நான் அதைப் பழகியது என் மாமியிடம். அவர் வேதசாத்திரம் படித்தவர் அல்ல, ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். பின்னேரம் விளக்கு வைத்ததும் சுவரோரம் இருந்து செபமாலை சொல்வார். வாய் சொல்லும், விரல் மணியை உருட்டும், மனம் வளவெல்லாம் சுற்றும், கோழி அடைத்தாயிற்றா என்று இடையில் ஒரு கேள்வியும் வரும். முன்பெல்லாம் எங்கள் பக்கத்து ஆட்கள் இதைப் பார்த்து, மனமில்லாத ஜெபம் என்று பழிப்பார்கள். பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு எனக்கு அந்தப் பழிப்புப் பிடிக்கவில்லை. மனம் அலையும் என்று அவருக்குத் தெரியும். அலைந்த மனம் வந்து சேர்வதற்கு ஒரு மணி கையில் இருந்தது, அவ்வளவுதான். அடுத்த நாள் அதே நேரம் திரும்பவும் இருப்பார். சுகமில்லாத நாளில் ஐந்து மணி மட்டும் சொல்லிவிட்டு, "இண்டைக்கு இவ்வளவுதான் மாதாவே" என்று படுத்துவிடுவார். குற்ற உணர்ச்சி ஒன்றும் கிடையாது.

என்னைக் கேட்டால், திடப்படுத்தல் வகுப்பில் வினாவிடையைப் பாதியாகக் குறைத்து இதைப் பழக்கலாம். ஒரு சங்கீதத்தை எடுத்து, சத்தமாக இரண்டு தரம் வாசிப்பது. ஒரு கிழமை முழுக்க அதே சங்கீதம், புதிது புதிதாகத் தேட வேண்டாம். எந்த வரியில் மனம் நிற்கிறதோ அந்த வரியை வைத்தே கடவுளோடு கதைப்பது. பிறகு மனத்தில் இருக்கிற ஆட்களின் பெயர்களைச் சொல்வது, கோபமாக இருக்கிற ஆளின் பெயரையும் சேர்த்து. பிறகு கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பது. எங்களைப் போன்ற பேச்சுக்காரச் சபைகளுக்கு இதுதான் ஆகக் கஷ்டம். கர்த்தருடைய ஜெபத்தோடு எழும்பிவிடலாம். பதினைந்து நிமிடம் போதும். பேருந்தில் போகிறவர் பேருந்தில் செய்யட்டும், மீன்காரர் கரையில் வலை காயப் போட்டுவிட்டுச் செய்யட்டும், தாதி படுக்கமுதல் செய்யட்டும். தவறிப்போன நாளுக்கு வட்டி கட்டத் தேவையில்லை என்றும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். யாத்திராகமத்தில் மன்னா அன்றன்றைக்குத்தான் கிடைத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் தவிர, மற்ற நாட்களில் மிச்சம் பிடித்தால் புழுத்தது. நேற்றுத் தவறவிட்டதை இன்றைக்குச் சேர்த்துப் பொறுக்கும்படி மோசே யாரையும் கேட்கவில்லை.

இதைப் பழக்க வெளிநாட்டிலிருந்து ஆளைக் கூப்பிடவும் தேவையில்லை. ஜெபத்தையே தொழிலாகக் கொண்ட செபமாலைத் தாசர் சபை 1928இல் எங்கள் தோலகட்டியில்தான் பிறந்தது. ஆனால் தோலகட்டி என்றால் எங்களுக்கு ஞாபகம் வருவது அங்கே துறவிகள் செய்கிற நெல்லிரசம். நல்ல நெல்லிரசம்தான், மறுக்கவில்லை. அந்தத் துறவிகளிடம் போய், "சுவாமி, எப்படி இவ்வளவு நேரம் இருக்கிறீர்கள், மனம் ஓடினால் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்ட வாலிபர் கூட்டம் ஏதாவது இருக்கிறதா? மருதனார்மடத்தில் கிறிஸ்தசேவ ஆச்சிரமம் இருக்கிறது. எங்கள் மண்ணின் முறையில் நிலத்தில் இருந்து தியானிக்கலாம் என்று காட்டிய இடம். வருடத்தில் ஒருக்கால் சுற்றுலா போல பஸ் பிடித்துப் போய், கூட்டம் வைத்து, சாப்பிட்டுவிட்டு வருகிறோம். அங்கேயும் கூட்டம்!

கைத்தொலைபேசியைப் பற்றி நீங்கள் நிறையப் பிரசங்கித்துவிட்டீர்கள், நான் கூட்டிச் சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சபையின் வட்ஸ்அப் குழுவில் விடிய ஐந்து மணிக்கே பூப்படத்தோடு வசனம் வருகிறது, ஏழு மணிக்குள் நாற்பது ஐம்பது ஆமென். அந்த வசனத்தை வாசித்தவர்கள் எத்தனை பேர், ஆமென் போட்டவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். புலம்பெயர்ந்த உறவுகள் நடத்துகிற சூம் ஜெபமும் அப்படித்தான். ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணிக்கு அவர்கள் ஆறுதலாக இருக்கிறபோது இங்கே காலை ஆறரை, பிள்ளைக்குத் தலை பின்னுகிற நேரம். அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள். கமராவை மூடிவைத்துவிட்டுத் தலை பின்னுகிறோம்.

இப்போது கோயில் கதவுக்கு வருகிறேன். இது முக்கியமாகச் சீர்திருத்த சபைகளுக்கு.

"நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இயேசு சொன்னார். எங்களில் பலருக்கு அறைவீடு இல்லை. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர், ஒரு அறையில் படிக்கிற பிள்ளைக்கு மேசை, மற்றதில் படுக்கையில் கிடக்கிற பெரியவர். சுவரில் "கிறிஸ்துவே இந்த வீட்டின் தலைவர்" என்று பலகை தொங்கும், ஆனால் அந்தத் தலைவரோடு கதைக்க ஒரு மூலை இல்லை. பக்கத்து வீட்டுச் சைவக் குடும்பத்தில், வீடு எவ்வளவு சின்னது என்றாலும் சாமிக்கு ஒரு தட்டு இருக்கும். காலையில் குளித்துத் திருநீறு பூசி ஒரு தேவாரம் பாடிவிட்டுத்தான் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். வேலைக்குப் போகிற வழியில் கோயிலடியில் சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிடம் கும்பிடலாம், கோயில் திறந்திருக்கும். கத்தோலிக்கக் கோயில்களிலும் பெரும்பாலும் ஒரு பக்கக் கதவாவது திறந்திருக்கும். நாங்களோ, கதவைப் பூட்டு என்ற வசனத்தைத் திங்கள் முதல் சனி வரை கோயில் கதவுக்கு நிறைவேற்றி வைத்திருக்கிறோம்.

பாதுகாப்புப் பிரச்சினை என்பீர்கள். ஓர்கனும் ஒலிபெருக்கிச் சாமானும் களவு போகும் என்பீர்கள். நியாயம்தான். அவற்றை ஒரு அறையில் வைத்துப் பூட்டுங்கள். வாங்குகளை ஒருவரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். கந்தோர் விட்டு வருகிற ஒரு பெண், ரியூசனில் விட்ட பிள்ளைக்காக ஒன்றரை மணித்தியாலம் தெருவில் மோட்டார் சைக்கிளோடு காத்து நிற்கிற ஒரு தகப்பன், இவர்களுக்கு ஒரு நிழலும் அமைதியும் கிடைத்தால் என்ன குறைந்துவிடும்? எங்கள் பழைய கோயில்களின் சுவர் மொத்தம். உள்ளே போனால் வெளிச் சத்தம் பாதியாகிவிடும். இவ்வளவு நல்ல அறைவீட்டைக் கட்டித் தந்தவர்கள், நாங்கள் அதைக் கிழமையில் மூன்று மணித்தியாலம் மட்டும் பாவிப்போம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ரியூசனைப் பற்றி ஒரு வார்த்தை. ஞாயிறு காலை வகுப்பு வைக்க வேண்டாம் என்று ஒவ்வொரு போதகரும் தனித்தனியாகத் தன் சபைப் பெற்றோரிடம் சொல்வதில் பயனில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும்போது தன் பிள்ளையை மறிக்கிற துணிவு எந்தத் தாய்க்கும் வராது. கத்தோலிக்க ஆயர், தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர், அங்கிலிக்கன், மெதடிஸ்த குருமார் எல்லாரும் ஒன்றாக, சைவப் பெரியார்களையும் சேர்த்துக்கொண்டு, வகுப்பு நடத்துகிறவர்களோடு இருந்து கதையுங்கள். அவர்களில் பலர் உங்கள் சபை அங்கத்தவர்கள்தான், காணிக்கையும் போடுகிறவர்கள். அதனால்தான் இந்தப் பேச்சு எப்போதும் பாதியில் நிற்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

குருமாரை மட்டும் குறை சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. உங்கள் நாளும் எனக்குத் தெரியும். காலையில் செத்தவீடு, மதியம் முப்பத்தோராம் நாள், பின்னேரம் வீடு குடிபுகல், இடையில் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்து ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் போங்கள் ஐயா என்று ஒரு அழைப்பு. வராவிட்டால் நாங்கள் சும்மா இருக்கிறோமா? போன போதகர் இப்படியில்லை என்று தொடங்கிவிடுவோம். மாற்கு முதலாம் அதிகாரத்தில் இயேசு இருட்டோடே எழுந்து தனியிடம் போய் ஜெபித்ததை எல்லாரும் பிரசங்கிக்கிறீர்கள். அதற்கு அடுத்து நடந்ததை அவ்வளவாகப் பிரசங்கிப்பதில்லை. சீமோன் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். கப்பர்நகூமில் சனம் காத்து நிற்கிறது. அவர் அந்தச் சனத்திடம் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்கிறார். எங்கள் ஊரில் நடந்திருந்தால் சபைக் குழுவில் அது பெரிய பிரச்சினையாகியிருக்கும். நீங்களும் சில அழைப்புகளுக்கு முடியாது என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால், ஜெபிக்கிற நேரம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சபை அதைக் கேட்டுக் கொஞ்சம் முணுமுணுத்தாலும், பிறகு யோசிக்கும்.

கூட்டத்தை நிறுத்தினால் சனம் வீட்டில் இருந்து நாடகம்தான் பார்க்கும், ஜெபிக்கப் போகிறதா என்று ஒரு மூத்தவர் என்னிடம் கேட்டார். பலர் நாடகம்தான் பார்ப்பார்கள். தொடக்கத்தில் எல்லாருமே பார்க்கலாம். ஆனால் எங்களை நம்பாமல் எங்கள் பின்னேரங்களை நீங்கள் நிரப்பிக்கொண்டே இருந்தால், ஒல்லாந்தன் தோம்பு வைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கூட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனிமையில் வாடுகிற விதவைத் தாய்மாருக்குச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் உயிர்நாடி, அதை ஒருவரும் தொட வேண்டாம். ஒரே ஆட்கள், அதே பத்துப் பன்னிரண்டு பேர், ஐந்து பெயரில் ஐந்து நாள் கூடுவதைத்தான் கேட்கிறேன்.

ஆகவே அடுத்த சபைக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகப் போடுங்கள். கிழமையில் ஒரு பின்னேரத்தை எல்லாச் சபைகளும் ஒன்றும் வைக்காமல் விடட்டும். புதன்கிழமை சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அன்றைக்குப் பயிற்சியும் வேண்டாம், அவசரக் குழுக் கூட்டமும் வேண்டாம், வட்ஸ்அப்பில் நினைவூட்டலும் வேண்டாம். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய தபசு காலத்தில் ஆறு கிழமை செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். வீடுகளைச் சந்திக்க வரும்போது, ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று கேட்காமல், எப்படி ஜெபிக்கிறீர்கள், எங்கே தட்டுப்படுகிறது என்று கேளுங்கள். முதல் தரம் வெட்கப்படுவோம். பிறகு சொல்வோம்.

கோயில் திறக்கிற விடயத்தில் ஆள் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். எங்கள் கோயிலுக்குத் திங்களும் வியாழனும் பின்னேரம் ஐந்து மணிக்குத் திறந்து ஆறரைக்குப் பூட்ட நான் தயார், மற்ற நாட்களுக்கு ஆள் பிடிப்பதும் என் பொறுப்பு. மின்விசிறி போட மாட்டோம். கரண்ட் பில் கூடிவிட்டது என்று பொருளாளர் கவலைப்படத் தேவையில்லை.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள்,
சபை அங்கத்தவர் ஒருத்தி,
யாழ்ப்பாணம்.